கப்பலுக்கு நேரமாச்சு

கலினா வருகிறாள் என்று தெரிந்ததிலிருந்து செவெரினுக்குக் கடையில் கை ஓடவில்லை. இருமலுக்கு மருந்து கேட்ட அம்மாளிடம் வயிற்றுவலி மாத்திரையை நீட்டினான். நல்லவேளை, அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரன் காதலித்தால் ஊருக்கே ஆபத்து. அதிலும் ஐம்பதைத் தாண்டியவன், சம்பந்தப்பட்டவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே வருஷக்கணக்கில் காதலித்துக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

கலினா இளம் வயதிலேயே எங்கள் போலந்துத் துறைமுக ஊரான கிதினியாவை விட்டுக் கடலுக்கு அந்தப் பக்கம் போனவள். ஸ்வீடனில் கார்ல்ஸ்க்ரோனாவில் நர்ஸ். ஸ்வீடன்காரன் ஒருவனைக் கட்டினாள், பிறகு பிரிந்தாள். இங்கே அம்மாவும் போய், வீடும் கைமாறிய பிறகு அவளுக்கு இந்த ஊரில் மிச்சமிருந்தது ட்ரெஸ்காட் ரசிகர் மன்றம் ஒன்றுதான். புதுப் படம் வந்தால் அவள் வருவாள். வராவிட்டால் வரமாட்டாள்.

ட்ரெஸ்காட் என்பவன் சினிமாவில் வரும் ஆங்கிலேய உளவாளி. பதினேழு படம், நாலு நடிகர்கள், ஒரே கோட்டு. ஒவ்வொரு புதுப் படத்துக்கும் முந்தின நாள், துறைமுகத் தொழிலாளர் மன்றத்து மாடி ஹாலில் நாங்கள் கூடி, பழைய படம் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். எந்தப் படம் என்று சொல்லும் உரிமை ஆக அதிக தூரத்திலிருந்து வந்தவருக்கு. அது எப்போதும் கலினாதான். அவளும் எப்போதும் நாலாவது படத்தைத்தான் கேட்பாள். பதினேழில் ஆக மோசமான படம் அது. பாதிப் படம் பனிமூட்டம், மீதிப் படம் பனிமூட்டத்துக்குள் இருமல். எல்லாரும் தலையில் அடித்துக்கொள்வார்கள், ஆனாலும் வழக்கம் வழக்கம்தான்.

படம் ஆங்கிலத்தில் ஓடும். மைக்கைப் பிடித்து அதன் மேல் போலிஷ் வசனத்தைப் படிப்பவன் செவெரின். எங்கள் டிவியில் வெளிநாட்டுப் படங்களுக்கு அப்படித்தான்: உளவாளியானாலும் கிழவியானாலும் குழந்தையானாலும் எல்லாருக்கும் ஒரே ஆண் குரல். அப்படிப் படிப்பவனை லெக்தோர் என்போம். அவனுக்கு ஒரே ஒரு சட்டம், நடிக்கக் கூடாது. கொலையானாலும் கல்யாணமானாலும் ரயில் நேரம் படிப்பதுபோலப் படிக்க வேண்டும். உணர்ச்சியைத் திரையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதில் செவெரினை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை. ஹாலின் பின்கோடியில் உட்கார்ந்து, மூன்றாவது வரிசையில் தெரியும் கலினாவின் பின்கழுத்தைப் பார்த்தபடி, உலகத்தில் உள்ள அத்தனை காதல் வசனத்தையும் அவன் அவளுக்குப் படித்திருக்கிறான். ஒருமுறைகூடக் குரல் நடுங்கியதில்லை.

இப்போது அதற்கே வேட்டு வந்துவிட்டது. பதினேழாவது படத்தில் ட்ரெஸ்காட் நின்ற பாலத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அப்புறம் வருஷங்கள் ஓடியும் புதுப் படம் பற்றிப் பேச்சில்லை. பட உரிமையை யாரோ அமெரிக்கர்கள் வாங்கிவிட்டார்கள் என்று மட்டும் சேதி வந்தது. மன்றத்தை இழுத்து மூடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய, நவம்பர் சனிக்கிழமை ஒன்றில் கூட்டம் போட்டார் தலைவர் இரெனியூஷ். படம் இல்லாமலே கலினா வருவது இதுதான் முதல்முறை. காலைக் கப்பலில் வந்து, மாலைக் கப்பலில் திரும்புவதாக ஏற்பாடு. மூடிவிட்டால் அவளை இனி எந்த ஜென்மத்தில் பார்ப்பது என்பதுதான் செவெரினின் கவலை. ட்ரெஸ்காட் செத்தால் என்ன, பிழைத்தால் என்ன!

கோட்டுகளை மாட்டிவிட்டு, கண்ணாடி டம்ளரில் எலுமிச்சைத் தேநீரோடு எல்லாரும் உட்கார்ந்தார்கள். கலினா செவெரினைப் பார்த்துத் தலையசைத்தாள். காதோரம் நரைத்திருந்தது. போன தடவை அது இல்லை என்று அவனுக்கு நெஞ்சு வலித்தது.

"ட்ரெஸ்காட் செத்துட்டான்," என்று ஆரம்பித்தார் இரெனியூஷ். சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் பெட்டியைத் திறந்து பார்த்த மாதிரியே பேசுவார். "என் ரெண்டு கண்ணால பாத்தேன். செத்தவனை எழுப்பி உக்காரவெச்சு வியாபாரம் பண்றது அசிங்கம். மரியாதையா மூடிட்டுப் போவோம்."

"பொணத்தைக் காட்டினாங்களா தலைவரே?" என்றாள் டோப்ராவா. கல்லூரி மாணவி, மன்றத்திலேயே சின்னவள், வாய் மட்டும் பெரிசு. "பொணத்தைக் காட்டாத வரைக்கும் எந்த உளவாளியும் சாகல. அவன் வரவே வேணாம், அவன் பொண்ணு வரட்டுமே. அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு அவ நடந்து வந்தா எப்படி இருக்கும்!"

"அவனுக்கு ஏதும்மா பொண்ணு?"

"பதினேழு படத்துல அவன் சுத்தின சுத்துக்கு ஒரு பொண்ணுகூடவா இருக்காது?"

ஹால் குலுங்கியது. கசகசா கேக்கை வெட்டிக்கொண்டிருந்த லுத்விகா அம்மாள் கத்தியை ஆட்டினார். "பொண்ணோ பையனோ, புதுசா வர்றவனுக்குத் தோள் அகலமா இருக்கணும். மூணாவது நடிகன் இருந்தானே, கோட்டை ஹேங்கர்ல தொங்கவிட்ட மாதிரி. அவனால நான் பட்ட கஷ்டம் எனக்குத்தான் தெரியும்."

"உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

"கண்ணு வேற எங்கயும் போக வழியில்லாம கதையைப் பாக்க வேண்டியதாப் போச்சு!"

செவெரின் எழுந்தான். கூட்டத்தில் அவன் பேசுவதே அபூர்வம். "வருஷம் போனா என்ன? நடுவுல ஒரு தடவை இதைவிட ரொம்ப நாள் காத்திருக்கலையா நாம? படம் வரும். அது வரும்போது நாம இல்லைன்னா எப்படி? கதவு திறந்து இருக்கணும். அவ்வளவுதான் நான் சொல்றது."

"அப்ப எனக்கு முட்டி வலி இல்லப்பா," என்றார் இரெனியூஷ். "காத்திருக்கறதுல ஒரு சுகம் இருக்குன்னு பழகிட்ட நீ. உன்ன மாதிரி ஆளுங்களாலதான் அவங்க படமே எடுக்காம நம்மள ஏமாத்தறாங்க."

ட்ரெஸ்காட்டை இளைஞனாக்கி முதலிலிருந்து தொடங்கலாமா, பழைய காலத்திலேயே வைக்கலாமா, அமெரிக்கர்கள் அவன் வீட்டுச் சமையல்காரியை வைத்துக்கூடத் தொடர் எடுப்பார்களா என்று விவாதம் நீண்டது. கேக் தீர்ந்தது. "நீ என்ன சொல்ற கலினா?" என்று தலைவர் கேட்டதற்கு, "கேக்கத்தான் வந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

கை தூக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிக்குச் சரியாக நின்றது. எந்தப் பக்கமும் கை தூக்காதவள் கலினா மட்டுமே. செவெரின் அவளைத் திரும்பிப் பார்த்தான். திறந்தே வைப்போம் என்பவள் அவள்தானே! ஒரு படத்துக்காகக் கடல் தாண்டி வருகிறவள் வேறு என்ன சொல்வாள்?

கலினா மூடுவதற்குக் கை தூக்கினாள்.

செவெரினுக்குக் காது அடைத்துக்கொண்டது. இவளுக்கு இங்கே வர இருந்த ஒரே காரணத்தை இவளே முடித்துவிட்டாளே, வந்து வந்து அலுத்துவிட்டது போல. அலுக்காமல் என்ன செய்யும்? நீ அவளுக்கு யார், இருட்டில் கேட்கும் ஒரு குரல், அதுவும் உணர்ச்சியில்லாத குரல் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டான்.

"சரி, கடைசியா ஒரு படம்," என்றார் இரெனியூஷ், தொண்டையைச் செருமிக்கொண்டு. ஜெயித்தவருக்கும் முகத்தில் களை இல்லை. "வழக்கப்படி கலினா சொல்லட்டும். இன்னைக்காவது நல்ல படமா கேளும்மா."

"நாலாவது," என்றாள் கலினா. ஹாலே ஒரே குரலில் முனகியது.

திரையில் பனி மூடியது. செவெரின் படித்தான். லண்டனில் சதி, வியன்னாவில் துரத்தல், எல்லாவற்றையும் ரயில் நேரம்போலப் படித்தான். சன்னலுக்கு வெளியே நிஜத் துறைமுகத்தில் விளக்குகள் எரியத் தொடங்கின. கடைசிக் காட்சி வந்தது. படகுத்துறையில் எதிரி நாட்டு உளவுக்காரி பெட்டியோடு நிற்கிறாள். ட்ரெஸ்காட் அவளைப் பிடித்துக் கொடுக்கவும் இல்லை, கட்டி அணைக்கவும் இல்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, 'கப்பலுக்கு நேரமாச்சு' என்கிறான். அதற்கு அவள் ஒரு பதில் சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விடுகிறாள். மன்றத்தில் சின்னவளிலிருந்து கிழவர்வரை அந்த வசனம் மனப்பாடம்.

ட்ரெஸ்காட் உதடு அசைந்தது. கையில் இருந்த தாளில் வசனம் தெளிவாகவே இருந்தது. செவெரின் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். இனி அந்த இடம் காலி. இந்த ஜென்மத்துக்குக் காலி.

"போகாதே," என்றான் மைக்கில்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஹால் கொதித்தது.

"அது வசனமே இல்ல!" இரெனியூஷ் எழுந்தே விட்டார். "ட்ரெஸ்காட் அப்படிச் சொல்லவே மாட்டான்!"

"'கப்பலுக்கு நேரமாச்சு'தான்! தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்," என்றாள் டோப்ராவா.

"வசனம் மாறினா போகட்டும்," என்று லுத்விகா அம்மாள் நெஞ்சில் கை வைத்தார். "இவன் நடிச்சுட்டான்! குரல் நடுங்கிச்சு, நான் கேட்டேன். செவெரின், நீயா இப்படி!"

செவெரின் மைக்கைக் கீழே வைத்தான். முகம் பற்றி எரிந்தது. திரையில் அந்தப் பெண் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், அவளுக்குப் போலிஷில் குரல் கொடுக்க ஆளில்லை. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், சட்டப்படி சுத்தமாக:

"தெரியும். வேற ஏதாவது சொல்லுவியான்னு பாத்தேன்."

அது படத்தில் உள்ள வசனம்தான். எழுத்துப் பிசகவில்லை. ஆனால் எல்லாரும் திரையை விட்டு அவளைப் பார்த்தார்கள். இரெனியூஷ் மெதுவாக உட்கார்ந்தார். செவெரின் கையில் இருந்த தாள்கள் நழுவித் தரையில் விழுந்தன. பதினேழில் ஆக மோசமான படத்தை, வந்த தடவையெல்லாம் இவள் எதற்குக் கேட்டாள் என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. வந்த தடவையெல்லாம், நடுக்கமே இல்லாத குரலில், கப்பலுக்கு நேரமாச்சு என்று அவளை அனுப்பிவைத்தவன் அவனே.

துறைமுகம்வரை அவள் பெட்டியை அவன் இழுத்து வந்தான். காற்று முகத்தை அறுத்தது.

"மூடணும்னு கை தூக்கினியே," என்றான் பாதி வழியில்.

"ஆமா. எவனோ லண்டன்ல படம் எடுத்தா நான் வரணும், எடுக்கலைன்னா வரக்கூடாதா? அலுத்துப் போச்சு, செவெரின். அந்தாளை நம்பி நான் கிழவியாயிட்டேன்."

"இன்னைக்குப் போகாதேயேன்."

"நாளைக்கு எனக்கு வார்டு இருக்கு. வயசானவங்க, ராத்திரி கூப்பிட்டா ஆள் வேணும்." அவள் கண் கலங்கியிருந்தது, காற்றாலும் இருக்கலாம். "கொஞ்சம் முன்னாடியே வசனத்தைத் தப்பா படிச்சிருக்கலாம் நீ."

பயணிகள் வாசலில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அவள் நின்றாள். அவன் ஏதாவது சொல்ல வேண்டிய நேரம். இத்தனை வருஷம் தடங்கலின்றிப் படித்த அந்த ஒரு வரி இப்போது நாக்கில் வர மறுத்தது. மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. கார்ல்ஸ்க்ரோனா கப்பல் புறப்படப் போகிறது, பயணிகள் உடனே ஏறவும் என்று, உயிரில்லாத குரலில், முதலில் போலிஷில், பிறகு ஸ்வீடிஷில்.

கலினா சிரித்துவிட்டாள். "பாத்தியா? அதைச் சொல்றதுக்கு வேற ஆள் இருக்காங்க."

அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். வாசலைத் தாண்டிய பிறகு திரும்பி, இரைச்சலுக்கு மேல் சத்தமாகச் சொன்னாள். "இந்தக் கப்பல் தினமும் போகுது, செவெரின். படம் வந்தாத்தான் போகும்னு உனக்கு யார் சொன்னா?"

கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்வரை அவன் கரையிலேயே நின்றான். விளக்குகள் சின்னதாகி, கடலோடு கலந்தன. குளிருக்குக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டான். அடையாள அட்டை விரலில் தட்டுப்பட்டது. போலந்துக்காரன் ஸ்வீடனுக்குக் கப்பலேற அது ஒன்று போதும். அது எப்போதும் அந்தப் பையில்தான் இருந்தது.