டிரௌனிங் என்றால்

என்னிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் போதும், யோசிப்பதற்குள் வாய் திறந்துவிடும். அகராதி அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துகிறவனுக்கு இது தொழில் வியாதி.

அன்று அக்கா வீட்டில் இருந்தேன். அவள் தையல் மெஷினில் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. மாமாவின் பெயர், பக்கத்தில் 'டிரௌனிங்', உடனே வரவும். மாமா, அதாவது அக்காவின் கணவர், துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர்.

"டிரௌனிங்னா என்னடா?"

"தண்ணியில மூழ்கிச் சாகறது" என்றேன். பாழாய்ப்போன வாய்.

அக்கா கத்தவில்லை. மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். அவசரமாகத் திருத்தப் பார்த்தேன்.

"இரு, இரு. செத்திருந்தா டிரௌண்ட்னுல்ல வரணும்? இது டிரௌனிங். அதுவும்போக, அந்தச் சொல்லே குடிக்கிறதச் சொல்ற 'டிரிங்க்'குக்குச் சொந்தம்னு ஒரு கருத்து இருக்கு. நாமளும் முங்கி எந்திரிச்சவன தண்ணி குடிச்சிட்டான்னுதான சொல்றோம்? குடிச்சவன்லாம் செத்தா போறான்?"

"உன் ஆராய்ச்சியத் தூக்கி அடுப்புல போடு. அவர் இருக்காரா, இல்லையா?"

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஒரு நர்ஸ் எடுத்தார். மாமாவின் பெயரைச் சொன்னேன். நேராகக் கேட்க நாக்கு எழவில்லை.

"மேடம், மாமாவுக்கு டிரௌனிங்கா, டிரௌண்டா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"என்ன சார், கிராமர் கிளாஸா நடத்துறீங்க? தண்ணிக்குள்ள போய் மூச்சு தடைபட்டா நாங்க டிரௌனிங்னுதான் எழுதுவோம். செத்தாலும் அதுதான், பொழைச்சாலும் அதுதான்."

இரண்டுக்கும் ஒரே சொல்லா! எங்கள் அகராதியில் இது இல்லையே என்று மனம் ஒரு நொடி அதன் பின்னால் ஓடியது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எங்க மாமா அதுல எது மேடம்?"

"லைன்ல இருங்க."

யாரோ நடந்து போகும் சத்தம். கட்டில் கிரீச்சிட்டது. பிறகு ஓர் இருமல். கடைசியில் ஒரு 'ஹூம்' போட்டு முடிகிற இருமல் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. போனை அக்காவிடம் கொடுத்தேன்.

மாமா ஏதோ சொல்ல வந்தார். பாதியிலேயே மறுபடி இருமல் பிடுங்கிக்கொண்டது.

"பேச வேணாம்" என்றாள் அக்கா. கண்ணீர் தாடை வரை வழிந்தது, துடைக்கவில்லை. "இருமுங்க. இன்னும் கொஞ்சம் இருமுங்க."