ரெண்டு பாகம் தண்ணி

நூல்கயிற்றின் ஒரு முனையைக் கொல்லையில் அடித்த முளையில் கட்டிவிட்டு, மறுமுனையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாகக் கொத்துக்கரண்டி பிடிக்கிறவன் நான். மாட்டுத் தொட்டி, குளிக்கிற தொட்டி, மில்லுக்கு நெல் ஊறப்போடுகிற தொட்டி, எதைச் சொன்னாலும் கண்ணாலேயே அளந்து இத்தனை செங்கல் என்று சொல்லிவிடுவேன். விரல் நீளக் கடல் மீன் ஒன்றுக்கு எவ்வளவு பெரிய தொட்டி என்று கேட்டால் எந்தக் கொத்தனார் சொல்வான்?

"என்ன மேஸ்திரி, கயித்தப் புடிச்சிக்கிட்டு இம்புட்டு நேரமா நிக்கிறீங்க? கன்னுக்குட்டி அத்துக்கிட்டு ஓடிருச்சா?" என்றாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பொன்னுத்தாய். பக்கத்து வீட்டுக்காரி. ஊரில் எது நடந்தாலும் முதல் வாய் அவளுடையது.

"ஒன் வேலையப் பாரு தாயி" என்றேன். எரிச்சல்தான். அவள் மேல் இல்லை.

என் மனைவி இன்னாசியம்மாள். மணமேல்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்கு மாதா கோயில் மணிக்கூண்டு கட்டப் போன நான், அவளையும் கட்டிக்கொண்டு புதுக்கோட்டை மச்சுவாடிக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு பக்கத்துச் சனமும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்க, அந்த மாதா கோயில் சாமியார்தான் நடுவில் நின்று கல்யாணத்தை முடித்துவைத்தார். அவளுக்காக என் கையாலேயே இந்த வீட்டைக் கட்டினேன். ஓட்டு வீடு, ஒரு அறை, தனியாக ஒரு அடுப்படி. அடுப்படிக்குள் வெளிச்சம் வரக் கண்ணாடி ஓடுகூடப் பதித்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது அது சரியில்லை, இது சரியில்லை என்று அவள் சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒழுகுகிறது என்று சொன்னால் பூசிவிடலாம். விரிசல் என்றால் அடைத்துவிடலாம். ஒன்றுமே சொல்லாதவளை என்ன செய்வது? சமைப்பாள், கோயிலுக்குப் போவாள், கேட்டால் சிரிப்பாள். அம்மா வீட்டுக்குப் போனால் மட்டும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வர நாள் கூடிக்கொண்டே போனது.

போன ஈஸ்டருக்கு, அவர்கள் பேச்சில் பாஸ்குத் திருநாளுக்கு, போனவள் வரவேயில்லை. கூப்பிடப் போனேன். கடல் உள்வாங்கிய இடத்தில், மணலில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே சின்னதாக ஒரு மீன். வெள்ளை உடம்பில் வளைந்து வளைந்து கறுப்புக் கோடு. கீச்சான் என்பார்களாம். மணலில் குழி பறித்து அதற்குள் உட்கார்ந்துகொண்டு, ஏதோ பட்டாதாரர் மாதிரி, இவள் கால்விரலை முட்டி முட்டித் துரத்தியது. இவள் வாய்விட்டுச் சிரித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், மச்சுவாடியில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதேயில்லை.

"இதை நம்ம வீட்டுக்குக் கொண்டுக்கிட்டுப் போயிருவமா?" என்று கேட்டுவிட்டேன்.

தண்ணீரிலிருந்து காலை எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள். "கொண்டாங்க. அடுத்த பாஸ்கு வரைக்கும் அது அங்கிட்டு உசுரோட இருந்துச்சுன்னா நானும் அங்கனயே இருக்கேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அறந்தாங்கியில் பஸ் மாறி வீடு வருகிற வரைக்கும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிசமாகவே சொன்னாளா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நிசம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

ஆக, தொட்டி. மராமத்து ஓவர்சியர் படித்தவர், தெரிந்திருக்கும் என்று அவரிடம் போனேன். "உப்புத்தண்ணி டேங்க் கட்டணுங்க. எம்புட்டு அளவு வைக்கலாம்?" என்றேன். "உப்புத்தண்ணி டேங்கா? எந்த ஊரு? ஆயக்கட்டு எத்தனை ஏக்கர்?" என்றார். அவருக்கு டேங்க் என்றால் கண்மாய்தான். மீன் விட என்றேன். "கண்மாய் மீன்பாசிக் குத்தகை ஏலமா? அதுக்குப் பஞ்சாயத்து யூனியன்ல போய்க் கேளுய்யா" என்று என்னை அனுப்பிவிட்டார். என்ன கூத்து பாருங்கள். ஒரு மீனுக்கு நான் யூனியன் ஆபீஸ் வாசலில் போய் நின்றிருக்க வேண்டும்.

கடைசியில் மாமனாரிடமே போய்க் கேட்டேன். மரியசெல்வம் மாமா கரையில் வலையைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். "மாமா, அந்தக் கீச்சானுக்கு எம்புட்டுத் தண்ணி வேணும்?"

தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "ரெண்டு பாகமாச்சும் வேணும் மாப்ள. அப்பத்தான் அது மீனாட்டம் திரியும்."

எனக்கு உயிர் வந்தது. பாகம்! இத்தனை பேரில் இவர் ஒருவர்தான் என் பாஷையில் பேசினார். ஒரு பாகம் சிமிட்டி, மூன்று பாகம் மணல் என்று நாளெல்லாம் கலக்குகிறவனுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? ரெண்டு பாகம் கடல் தண்ணீர், ஒரு பாகம் நல்ல தண்ணீர். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, கலவை சரியாக இருந்தால் போதும். மாட்டுத் தொட்டி அளவுக்கே கட்டினேன். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே உயரம், ஒரு ஆள் படுக்கிற நீளம். உள்சுவரில் மூன்றாகப் பிரித்துக் கரண்டி நுனியால் கோடு கிழித்தேன். தண்ணீர் நிரப்பிக் கொட்டி, நிரப்பிக் கொட்டி சிமிட்டியின் காரத்தை இறக்கினேன். இன்னாசி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு கிழிக்கும்போது மட்டும் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள்.

கருவாட்டு லாரியில் மரப்பீப்பாய் வைத்துக் கடல் தண்ணீர் வந்தது. அதே லாரியில் மாமா பானைக்குள் விரல் நீளக் கீச்சான் ஒன்றையும் பிடித்து அனுப்பியிருந்தார். கோட்டின்படி தண்ணீரைக் கலந்து மீனை விட்டேன். செத்துவிடும் என்று பொன்னுத்தாய் சொன்னாள். சாகவில்லை. கூனி இறால் பொடி தூவினால் தின்றது. தண்ணீர் பழசாகப் பழசாக லாரி புதுத் தண்ணீர் கொண்டுவந்தது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நான் கேட்பேன், "இருக்கா?" அவள் தொட்டியை எட்டிப் பார்த்துச் சொல்வாள், "இருக்கு." அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டால் அன்றைக்குச் சாரத்தில் ஏறக் கால் தானாகப் போகும்.

ஆனால் பாருங்கள், மீன் வளர்ந்தது. விரல் நீளம் சாண் நீளமானது. குழி பறிக்கவில்லை. விரலை விட்டால் முட்டவில்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர், அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர், அவ்வளவுதான். சுகமாக இருக்கிறதா, இல்லையா? மீனின் முகத்தைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது? இன்னாசி கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அவர்கள் ஊர்க் கோயில் கொடியேற்றத்துக்கும் போகவில்லை. "ஒங்க பொண்டாட்டி இந்த ஊருக்குப் படிஞ்சிட்டா மேஸ்திரி" என்றாள் பொன்னுத்தாய். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். வந்தது. வந்த கையோடு பயமும் வந்தது. சொன்ன சொல்லுக்காக இருக்கிறாளா, எனக்காக இருக்கிறாளா? பாஸ்கு முடிந்த மறுநாள் என்ன செய்வாள்? ஒன்றும் விளங்காமல் ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன்.

பாஸ்குக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாமா கருவாட்டு மூட்டையோடு வந்து இறங்கினார். மகள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கொல்லைக்குப் போனவர் தொட்டியைப் பார்த்து, "என்ன மாப்ள, மாடு வாங்கியிருக்கீங்களா?" என்றார். குனிந்து பார்த்தார். "அட, இதுலயா கெடக்கு?"

"நீங்கதான மாமா ரெண்டு பாகம்னு சொன்னீங்க. அளந்துதான் ஊத்துனேன். கோட்டைப் பாருங்க."

அவர் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வருகிறவரை சிரித்தார். "ஐயையோ மாப்ள! பாகம்னா இது!" நிமிர்ந்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுசாக விரித்தார். "இந்த விரல் நுனியில இருந்து அந்த விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். கடல்ல கயித்த எறக்கி இப்படித்தான் ஆழம் பாப்போம். ரெண்டு பாகம்னா ஒங்க ஓட்டு முகட்டைத் தொட்டுரும்."

முகட்டை அண்ணாந்து பார்த்தேன். பிறகு தொட்டியைப் பார்த்தேன். சாண் மீன் சுவரில் முட்டுகிற மாதிரி வந்து திரும்பியது. மாமா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். மோர்ச் செம்போடு வாசலில் நின்ற இன்னாசி சிரிக்கவில்லை.

மறுநாள் அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "ஒனக்குத் தெரியாதா? நீ கடக்கரைக்காரிதான? நான் கோடு கிழிச்சப்பவே சொல்லியிருக்கலாம்ல?" குரல் உயர்ந்துவிட்டது. வெட்கம், கோபம், எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

அவள் அரிசி முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "நீங்க ஆசை ஆசையாக் கட்டுனீங்க. எப்படிச் சொல்றது?"

தொட்டியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒரு செங்கல்லும் வரிசையில் உட்காரவில்லை. மத்தியானத்துக்கு முன்னாலேயே கரண்டியைக் கழுவாமல் கையில் பிடித்தபடி வீட்டுக்கு வந்துவிட்டேன். கொல்லைப் பக்கமாக வந்தவன் அடுப்படி வாசலில் நின்றேன்.

கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தின் கீழ் இன்னாசி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்திருந்தாள். விரிக்கத்தான் பார்த்தாள். இந்த உள்ளங்கை இந்தச் சுவரில், அந்த உள்ளங்கை அந்தச் சுவரில் பதிந்திருந்தன. முழங்கைகள் நிமிராமல் மடங்கியே இருந்தன.

என்னைப் பார்த்தாள். கையை இறக்கவில்லை. "இந்தாங்க," என்றாள் மெதுவாக. "நீங்க நின்னு பாருங்க. ஒங்களுக்காச்சும் கை நிமிருதான்னு பாப்போம்."

கரண்டியை வாசற்படியில் வைத்தேன். உள்ளே போய் அவளுக்கு எதிரில் நின்று கைகளை விரித்தேன். சிமிட்டி காய்ந்த என் விரல்கள், நானே நூல் பிடித்துப் பூசிய சுவரில் முட்டி நின்றன. அடுப்பில் உலை பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் கையை இறக்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கொல்லையில் மீன் தண்ணீரை அடித்துத் திரும்புகிற சத்தம் கேட்டது.