ஆம்ப்ளிஃபயரின் முனகல்

மனிதகுலத்தின் நெடும்பயணம் முழுவதும் இரைச்சலிலிருந்து நிசப்தத்தை நோக்கியதே என்பது அந்தத் தணிக்கை அதிகாரியின் தீர்மானமான கருத்து. அலுவலக விழாக்களில் மைக் பிடித்தும் சொல்லியிருக்கிறார். அவருடைய ஆம்ப்ளிஃபயர் மட்டும் அந்தப் பயணத்தில் சேர மறுத்து, இரண்டு மாதமாகப் பல்வலிக்காரன் மாதிரி முனகிக்கொண்டிருந்தது.

முனகல் போகாவிட்டால் அறை போய்விடும். முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாமனார், காலை நீட்ட வழியில்லாமல் ஹால் சோபாவில் சுருண்டு கிடந்தார். காற்றோட்டமான அறையிலோ இரண்டு ஸ்பீக்கர்கள் சம்பந்தி வீட்டார் மாதிரி விறைப்பாக நின்றன.

"உசந்த சங்கீதம் கேக்கற ரூம்னீங்க. ம்ம்ம்னு ஒரு சத்தம்தான் கேக்குது" என்றாள் மனைவி. "இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள அது நிக்கலேன்னா, அப்பா கட்டில் உள்ள வந்துரும்."

"நின்னுட்டா?"

"ரூம் உங்களுது. நான் வாயே திறக்க மாட்டேன்."

அறையைவிட அவர் பயந்தது இரவு ஏழரை மணியை நினைத்து. கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி அரைமணி நேரம் உட்காருவார். அதை அவர் தியானம் என்பார். அப்போது யாரும் தும்மக்கூடாது. அதே நேரத்தில் ஹாலில் ஓடும் சீரியலை மூளைக்கு வைக்கும் விஷம் என்பார். கட்டில் உள்ளே வந்தால் அந்த அரைமணி நேரம் போயே போச்சு.

மத்தியானத்திலிருந்து அலமாரிக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார். பிரிட்ஜை அணைத்தார், ஐஸ் உருகிச் சமையலறையில் ஓடியது. மின்விசிறிகளை நிறுத்தினார். ரெக்கார்டு பிளேயர், ரேடியோ என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். பிளக்கைத் திருப்பிச் செருகினார். வயருக்கு அலுமினியத் தாள் சுற்றினார். கடைசியில், யாரும் பார்க்காத நேரத்தில், ஆம்ப்ளிஃபயரைத் தடவிக் கொடுத்து "தயவு பண்ணு" என்றார். அது முனகியது.

மாமனார் கைத்தடியை ஊன்றி வாசலில் வந்து நின்றார். வேர்வையில் பனியன் ஒட்டியிருந்தது.

"கச்சேரி எப்ப ஆரம்பிக்கும், மாப்ளே?"

"இது கச்சேரி இல்ல மாமா. இரைச்சல்."

"அப்படியா? சுருதி பிசகாம இருக்கேன்னு நெனச்சேன்."

"டிவியையும் வேணா அணைச்சுடறேன்" என்றாள் மனைவி.

"டிவிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" அவசரமாக நிமிர்ந்ததில் அலமாரியில் தலை இடித்துக்கொண்டார்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மனைவி டார்ச்சை அடித்துக்கொண்டு பின்னால் எட்டிப் பார்த்தாள். கரண்டு வயரும் ஸ்பீக்கர் வயர்களும் தவிர மற்றதெல்லாம் கழன்று கிடக்க, மெல்லிய கறுப்பு வயர் ஒன்று மட்டும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து புறப்பட்டுச் சுவரிலிருந்த ஓட்டைக்குள் நுழைந்திருந்தது.

"இது ஏன் அப்படியே இருக்கு?"

"அது... எர்த்."

"எர்த்தைப் பிடுங்கினா வெடிக்குமா?"

"வெடிக்காது."

"அப்ப பிடுங்குங்க."

அவர் கை போனது, திரும்பி வந்தது. இன்னும் அஞ்சு நிமிஷம் என்றார். மாமனாரின் கட்டிலைத் தூக்க, கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிடப் போவதாக மனைவி சொன்னாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு வயரைப் பிடுங்கினார்.

முனகல் நின்றது. அறையில் மூன்று பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"சரி" என்றாள் மனைவி. "சொன்ன சொல் சொன்னதுதான். ரூம் உங்களுது."

அந்த மரியாதையான நிமிடத்தில்தான் மாமனார் சோபாவுக்குத் திரும்பினார். ஹால் பக்கம் சுவரோரமாகத் தொங்கிய வயரில் கைத்தடி மாட்டி, அவர் இழுத்த இழுப்பில் டிவி அசைந்தது.

"மாப்ளே, உங்க எர்த் இங்க டிவிக்குப் பின்னாடி செருகியிருக்கு."

மனைவி வயரின் ஒரு முனையைப் பார்த்தாள், மறுமுனையைப் பார்த்தாள், சுவரில் மாட்டியிருந்த ஹெட்போனைப் பார்த்தாள்.

"போன வாரம் தங்கச்சிகிட்ட போன்ல, சீரியல்ல நகையைத் திருடினது மூத்த மருமகள்னு சொல்லிட்டிருந்தேன். சின்னவள்னு உள்ளேருந்து திருத்தினீங்க. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

"காதுல விழுந்தது" என்றார் அதிகாரி.

"விழாம எப்படி? அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வாங்கி வச்சிருக்கீங்களே."

கட்டிலை அவரே ஒரு பக்கம் பிடித்து அறைக்குள் கொண்டுவந்து போட்டார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. மாமனார் காலை நீட்டிப் படுத்து, ஸ்பீக்கரின் மேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

ஏழரைக்கு ஹாலில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. இரண்டு மாதமாகக் குரலை மட்டுமே கேட்டிருந்ததால், திரையில் வந்தவர்களில் யார் மூத்த மருமகள், யார் சின்ன மருமகள் என்று மனைவியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.