பின்னங்கால் இல்லாத நாற்காலி

மேலப்பாளையத்தில் மீரா முகைதீனின் பட்டறை வாசலில் ராமசுப்பு சார் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து இறக்கினார். ஐம்பத்தாறில் பம்பாயில் வாங்கியதாம். பின்னங்கால் கிடையாது. ஒரே இரும்புக் குழாய் முதுகிலிருந்து இறங்கி, உட்காரும் இடமாக நீண்டு, முன்னால் கீழே மடிந்து, தரையோடு பின்பக்கம் ஓடியது. உட்கார்ந்தால் லேசாகத் துள்ளியது. இதே மாதிரி ஆறு வேண்டும் என்றார்.

ஜங்ஷன் பக்கம் கேட்ட இடத்திலெல்லாம் மூட்டுக்கு மூட்டு வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்றார்களாம். மீரா முகைதீனுக்கு வீம்பு தலைக்கேற அது போதாதா?

"ஒட்டுப்போட்டா அது நாற்காலியா சார்? ஒத்தக் குழாயில வளைச்சுத் தாரேன். வெள்ளிக்கிழமை வந்து உக்காந்து பாருங்க."

கேட்டவர் நாள் குறிக்கவில்லை. இவராகத்தான் குறித்தார். தொண்ணூற்று மூன்று ஐப்பசி, ஊரே நனைந்து கிடந்த நேரம்.

வெறுங்குழாயை வளைத்தால் நசுங்கிவிடும். உள்ளே ஆற்று மணலை இறுகத் திணித்து, இரண்டு வாயிலும் மரக்கட்டை அடித்து, உலையில் பழுக்கவிட்டு வளைக்க வேண்டும். அந்த மணலை முதலில் சட்டியில் வறுத்தாக வேண்டும். ஈரம் இருந்தால் ஆவி கிளம்பிக் கட்டையைப் பிடுங்கி அடிக்கும். இருபது வருஷம் குழாய் வளைத்த மனுஷனுக்கு இது தெரியாதா?

மணல் வறுப்பது எப்போதும் தங்கச்சி மாப்பிள்ளை நூகுவின் வேலை. வியாழக்கிழமை அவன் காய்ச்சலோடு மத்தியானம்தான் வந்தான். அதற்குள் மீரா முகைதீனே வறுக்க உட்கார்ந்துவிட்டார். விறகு நனைந்து புகைந்து கண்ணைக் கரித்ததில் பொறுமை போய்விட்டது. மேலாகக் கை வைத்தார், சுட்டது. அது போதும் என்று பாதியில் இறக்கிக் குழாயில் நிரப்பிவிட்டார்.

குழாயைப் பிடிக்குமுன் நூகு கேட்டான். "மணலு காஞ்சிட்டா மச்சான்?"

"காஞ்சிட்டு, காஞ்சிட்டு. நீ பிடிலே."

முதல் வளைவு அழகாக விழுந்தது. இரண்டாவது வளைவு நேராக வருகிறதா என்று நூகு குழாயின் முனையில் குனிந்து பார்த்தான். அப்போதுதான் வெடித்தது. கட்டை அவன் காதை உரசிக் கூரைத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. கொதித்த மணல் மொத்தமும் நூகுவின் முகத்தில் அடித்தது.

இரண்டு கண்ணும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கிடந்த புருஷன் பக்கத்தில் நின்று தங்கச்சி மைதீன் பாத்திமா கேட்டாள். "மணல யாருண்ணே வறுத்தது?"

"எப்பவும் அவன்தானம்மா வறுப்பான்" என்றார் மீரா முகைதீன்.

பொய் இல்லை பாருங்கள். பொய்யைவிடக் கேவலம். காய்ச்சலில் புருஷன் கவனம் பிசகிவிட்டார் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நூகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சொல்லிவிடத்தான் மீரா முகைதீன் தினமும் தங்கச்சி வீட்டுக்குப் போனார், பழத்தை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ராமசுப்பு சார் வந்து பார்த்து வருத்தப்பட்டார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே, பையச் செஞ்சிருக்கலாமே" என்றார்.

மாசியில் ஒரு காலை, பாத்திமா கையைப் பிடித்துக்கொண்டு நூகு பட்டறைக்கு வந்தான்.

"வீட்டுல சும்மா இருக்க முடியல மச்சான். மணல் வறுக்குதேன். அதுக்குக் கண்ணு எதுக்கு, கை போதும்லா?"

மறுக்க மீரா முகைதீனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நூகு உட்கார்ந்து, கிண்டிக் கிண்டி, ஒரு மணி நேரம் வறுத்தான். சூடு தணிந்ததும் ஒரு கை அள்ளி, மச்சான் நிற்கும் திசையில் நீட்டினான்.

"மணலு காஞ்சிட்டா மச்சான்?"



பாத்திமா புருஷனைப் பார்த்தாள். "இது என்ன புதுசா அண்ணங்கிட்ட கேக்குதிய? வறுக்குத உங்களுக்குத் தெரியாதா?"

"அன்னைக்கும் கேட்டேன்" என்றான் நூகு.

அவள் மெல்லத் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். நூகு நீட்டிய கையை மடக்கவில்லை. மணல் நன்றாகத்தான் காய்ந்திருந்தது. 'காஞ்சிட்டு' என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல மீரா முகைதீனுக்கு வாய் வரவில்லை.