கீழே தெரிகிற வீடுகள்

அடிக்கிறானா என்று நேராகவே கேட்டுவிட வேண்டியதுதான், ஆனால் அவன் பக்கத்தில் நிற்கும்போது எப்படிக் கேட்பது, விமான நிலையத்துக்கு இரண்டு பேருமாக வருகிறோம் என்றுதானே ஸ்ரீலக்ஷ்மி சொல்லியிருக்கிறாள்... சூடாமணி விமானத்தின் ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். தொண்ணூற்றைந்து பிப்ரவரியில் மகளின் கல்யாணம், இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. தலை தீபாவளிக்கு மறுநாள் போனில், "அம்மா, ஒரு தடவை வந்துட்டுப் போறியா?" அவ்வளவுதான், பின்னால் மாப்பிள்ளை ஸ்ரீநாத்தின் குரல், லைன் போய்விட்டது. கணவர் கஸ்தூரிரங்கன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை கொஞ்சம் கோபக்காரர், அதைப் பெரிசு பண்ணாதே, சமாதானம் பண்ணிவைத்துவிட்டு வந்து சேர் என்று, மயிலாப்பூர் வீட்டு வாசலில் டாக்சி நின்றபோதும் மனைவியிடம் அதையேதான் சொன்னார். கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டால்? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஜன்னல் கண்ணாடியில் ஒரு சின்னத் துளை, அதைச் சுற்றிப் பூப்பூவாக உறைபனி. பக்கத்து இருக்கை ஹாஜிரா பீ, ராயப்பேட்டைக்காரி, மகனைப் பார்க்கப் போகிறவள், கண்ணாடியில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பயந்து பணிப்பெண்ணைக் கூப்பிடப் போனபோது சூடாமணிதான் தடுத்து விளக்கினாள். கண்ணாடி ஒன்றல்ல, அடுக்கடுக்காக இருக்கிறது, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தை வெளிக் கண்ணாடி தாங்குகிறது, நடுக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்கத்தான் இந்தத் துளை... எட்டாம் வகுப்புக்குச் சொல்வதுபோலவே சொன்னாள், சொல்லச் சொல்ல மனசு லேசானது, காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்றுதானே இத்தனை வருஷமாகப் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறாள். மேகம் விலகியது. உறைந்த ஏரி, அதன்மேல் கோணல்மாணலாக விரிசல்கள், கரை, பிறகு வீடுகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, நடுவில் வெறும் வெள்ளை. மயிலாப்பூரில் இவள் வீட்டுக் குக்கர் விசிலை அடுத்த வீட்டு மாமி எண்ணிவிடுவாள், இங்கே? தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் நாலில் ஒரு பங்கு, கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பாள். அதோடு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வேறு. வெளிச் சத்தமே உள்ளே வராது என்று ஸ்ரீலக்ஷ்மி முதல் மாதம் சொன்னபோது இவள் சந்தோஷப்பட்டாளே, அப்படியானால் உள்ளேயிருந்து வருகிற சத்தம்... தெருவில் ஒரு ஆளாவது தெரிகிறதா என்று தேடினாள். கார்கள்தான் ஊர்ந்தன.

ஹாஜிரா பீ அவள் தோள்மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, ஒரே ஐஸா கீது. வருசம் பூரா இப்டித்தானா? எம் புள்ள இதுல எப்டி இருந்துக்கினு கீறான்?"

"இல்லைம்மா. பூமி சாஞ்சுண்டுதான் சுத்தறது. இப்போ இந்தப் பக்கம் சூரியன்லேர்ந்து விலகியிருக்கு, அதான் குளிர். ஜூன்ல இதே பக்கம் சூரியனைப் பார்த்துச் சாஞ்சிருக்கும். நம்மூர் மாதிரியே புழுங்கும், எல்லாரும் அரைக்கைச் சட்டையைப் போட்டுண்டு..."

ஜூன். ஜூனில்தானே ஸ்ரீலக்ஷ்மி கேட்டாள், மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த சுடிதார் ஐந்தாறு, கழுத்தும் ஏறினாற்போல் இருக்கட்டும் என்று. யார் இப்போது முழுக்கை போடுகிறார்கள் என்று தையற்காரர் தணிகாசலம் சிரித்தார், அமெரிக்கா குளிர் தேசம் என்று அவருக்கு விளக்கினாள், கஸ்தூரிரங்கனுக்கு விளக்கினாள், பார்சல் கட்டும்போது தனக்கே ஒரு தடவை விளக்கிக்கொண்டாள். வருஷா வருஷம் பூமி உருண்டையைச் சாய்த்துப் பிடித்துப் பாடம் நடத்துகிறவள். ஜூனில். கல்யாணமாகி நாலே மாதத்தில்.

"உம், சொல்லு டீச்சரம்மா," என்றாள் ஹாஜிரா பீ.

காலுக்கடியில் தடதடவென்று ஏதோ இறங்கியது. ஹாஜிரா பீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இது இன்னா சத்தம் என்று கேட்டாள். சக்கரங்கள், அவ்வளவுதான், ஒரு வார்த்தை சொன்னால் போதும். சூடாமணி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே நெருங்கி வருகிற வீடுகளையே பார்த்தாள்.