இரண்டில் எட்டு போகாது

ஒரு திங்கட்கிழமை மாலை, ஊசி வாத்தியாருக்குத் தன் மனைவி மேல் சந்தேகம் வந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றியவர், சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மேஜை முன்னால் உட்கார்ந்து அவள் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆரம்பப் பள்ளி டீச்சர் கணக்குப் போடுவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பென்சில் இடது கையில் இருந்தது. அவள் சுத்தமான வலது கைக்காரி. எழுத்தும் கோணல்மாணலாக, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை எழுதியதைப் போல விழுந்துகொண்டிருந்தது. இவர் தொண்டையைச் செருமியதும், காகிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, “டீ போடட்டுமா?” என்றாள்.

மனைவி போனை மறைத்தால் சந்தேகப்படும் கணவர்கள் ஊரில் நிறைய. கழித்தல் கணக்கை மறைத்ததற்காகச் சந்தேகப்பட்டவர் அநேகமாக இவர் ஒருவர்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. இருவரும் அரசு ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள். ஆனால் வேறு வேறு பள்ளி. போன வருஷம் மாற்றலாகி அவள் போய்ச் சேர்ந்தது, ஆண்டுத் தேர்வில் எப்போதும் முதலிடத்தில் நிற்கும் பள்ளி. இவருடையது அந்த வரிசையில் கீழேயிருந்து தேடினால் சட்டென்று கிடைக்கும். இரண்டு பள்ளிக்கும் ஒரே பாடப் புத்தகம், ஒரே சம்பளம், ஒரே மாதிரி ஒழுகும் கூரை. பிள்ளைகளின் அப்பா அம்மாவும் ஒரே தொழிற்சாலையில், ஒரே மார்க்கெட்டில் வேலை பார்ப்பவர்கள். மதிப்பெண் மட்டும் எப்படி வேறாக வரும்?

இந்த வருஷம் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. இந்தத் தேர்விலும் இப்படியே வந்தால் பள்ளியை மூடிவிடுவோம், பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்புவோம், ஆசிரியர்களைத் திசைக்கு ஒருவராகத் தூக்கிப் போடுவோம் என்று கல்வி அலுவலகம் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை.

“மந்தமான பிள்ளைங்கள பரீட்சை அன்னைக்கு வீட்டுல இருக்கச் சொல்லிடுவாங்க,” என்றார் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

“கேள்வித்தாள் முன்கூட்டியே வந்துடும்,” என்றார் தலைமையாசிரியர். அவரை எல்லோரும் பெரிய சார் என்பார்கள். “இல்லைன்னா விடைத்தாளை அப்புறமா உக்காந்து திருத்துவாங்க. சார், அந்த ரகசியம் உங்க வீட்டுச் சமையலறையில உக்காந்திருக்கு. நீங்க அதுகிட்ட உப்பு கம்மின்னு சண்டை போட்டுட்டிருக்கீங்க.”

எல்லோரும் ஊசி வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். இவருக்கு வெட்கமாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை நம்பி ஒரு காரியம்.

ஊசி என்ற பட்டப்பெயருக்குக் காரணமும் அவரேதான். “என் வகுப்புல ஊசி விழுந்தா சத்தம் கேக்கும்” என்று கல்யாண வீடு, பஸ், மருந்துக்கடை என்று இடம் பார்க்காமல் சொல்லி வந்தார். ஊசி விழுந்ததை யாரும் கேட்கவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

டீயைக் குடித்துக்கொண்டே அவர் வேவு வேலையைத் தொடங்கினார்.

“நாளைக்கும் லேட்டாத்தான் வருவியா?”

“செவ்வாய்க்கிழமைன்னா லேட்டுதானே. கூட்டம்.”

“என்ன கூட்டம்?”

“சேர்ந்த புதுசுல சொன்னேனே. நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. ‘பெரியவங்களுக்கு வேற வேலை இல்லையா’ன்னு கேட்டுட்டுப் பக்கத்தைத் திருப்புனீங்க.”

தேர்ந்த குற்றவாளிகள் இப்படித்தான் பழியை எதிராளி தலையில் கட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டார். அவள் குளிக்கப் போனதும் குப்பைக் கூடைக்குள் கைவிட்டு அந்தக் காகிதத்தை எடுத்தார். தேயிலைச் சக்கை அப்பியிருந்தது. 402-லிருந்து 178-ஐக் கழித்திருந்தாள். விடை 376. அதற்குக் கீழே இன்னும் சில கணக்குகள். எல்லாம் தப்பு. இலக்கங்கள் வரிசை தப்பிச் சரிந்து கிடந்தன.

கொஞ்ச நேரம் குழம்பிப்போனார். பிறகு பளிச்சென்று விளங்கியது. எல்லாப் பிள்ளைகளும் எல்லாம் சரியாகப் போட்டால் அலுவலகம் சும்மா இருக்குமா? அதனால்தான் நடுநடுவே நாலு தப்பைத் தூவிவிடுகிறார்கள். அதுவும் பிள்ளை கையெழுத்திலேயே. என்ன மூளை. அந்த மூளையைத்தான் இத்தனை வருஷமாக வீட்டில் வைத்துச் சோறு போடுகிறோம் என்று நினைத்தார். சோறு ஆக்குவது அவள்தான் என்பது அப்போதைக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை பெரிய சாரிடம் விஷயத்தைச் சொன்னார். பெரிய சாரின் முகம் பல மாதங்களுக்குப் பிறகு மலர்ந்தது.

“ஒரு மொட்டைக் கடுதாசி போட்டா போதும். அவங்க பேர் கெட்டுப்போகும், நம்ம கதையை மறந்துடுவாங்க. நம்ம பள்ளிக்கூடம் பிழைச்சிடும்.”

“அவ வேலை போயிடுமே சார்.”

“உங்க வேலை இருக்குமே. வீட்டுக்கு ஒரு சம்பளம் பத்தாதா?”

ஊசி வாத்தியார் வகுப்புக்குப் போனார். கரும்பலகையில் கணக்கை எழுதிப்போட்டு, வகுப்பை வழக்கம்போல ஊசி விழும் அமைதியில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூடிவிட்டால் இந்தப் பிள்ளைகள் பெரிய சாலையைத் தாண்டி வேறு பள்ளிக்கு நடக்க வேண்டும். கடைசி வரிசையில் ரெட்டைச் சடை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இந்தப் பள்ளி வாசலைத் தாண்டுவதற்கே அம்மா கை வேண்டும். காட்டிக்கொடுத்தால் மனைவி போச்சு, கொடுக்காவிட்டால் பள்ளி போச்சு. எதுவானாலும் கண்ணால் பார்த்துவிட்டுச் செய்வோம் என்று முடிவு செய்து, மணி அடித்ததும் கிளம்பினார்.

முதலிடப் பள்ளியைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. அதே மஞ்சள் சுண்ணாம்பு. அதே சொட்டும் குழாய். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். ஒரு வகுப்பறையின் ஜன்னல்களை உள்ளிருந்து யாரோ ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில், இந்தப் புழுக்கத்தில், ஜன்னலைச் சாத்துகிறார்கள் என்றால் உள்ளே என்ன பஜனையா நடக்கும்? கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் வேறு. இவருக்கு ரத்தம் கொதித்தது. திருட்டு வேலையைச் சிரித்துக்கொண்டா செய்வது?

குழாயடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்று, ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தார்.

ஆசிரியர்கள் எல்லோரும் பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சுகளில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் காகிதம், பென்சில். அவர் மனைவி இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள், நாக்கின் நுனி வெளியே தெரிய. கரும்பலகைப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க இன்னும் கொஞ்சம் எம்பினார். வாளிக்கும் ஒரு பொறுமை உண்டு. அது பக்கவாட்டில் நழுவ, ஊசி வாத்தியார் விழுந்தார். ஊசி விழும் சத்தமாக அது இல்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் அந்தப் பள்ளித் தலைமையாசிரியை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த, நெடுநெடுவென்ற அம்மாள்.

“அடி பட்டுச்சா சார்? கதவு வழியாவே வந்திருக்கலாமே. தாழ்ப்பாள் கெட்டுப்போய் ரொம்ப நாளாச்சு.”

அவருக்குப் பின்னால் மனைவி நின்றாள். “எங்க வீட்டுக்காரர்தான்,” என்றாள், மழையில் நனைந்த துணியைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்கிற குரலில்.

உள்ளே கூட்டிப்போய் ஒரு குட்டைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். முழங்கையைத் தேய்த்தபடியே அவர் மேஜைகளை நோட்டம் விட்டார். விடைத்தாள் கட்டு எதுவும் கண்ணில் படவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

“இங்க என்ன நடக்குதுன்னு கேக்கலாமா?” என்றார், விழுந்தவருக்கு இருக்கக்கூடிய அளவு கம்பீரத்துடன்.

“இந்த வாரம் யார் பாடம் படுத்துச்சோ, அவங்க அதை இங்க மறுபடி நடத்தணும். மத்தவங்க பிள்ளைங்களா உக்காரணும். சும்மா பிள்ளையா இல்ல, அந்தப் பாடம் புரியாத பிள்ளையா. அந்தப் பிள்ளை எப்படித் தப்புப் போடுமோ அப்படியே போடணும்.”

“எதுக்கு?”

“நம்ம பாடத்துல ஓட்டை எங்கன்னு தெரிய வேணாமா?”

“ஜன்னலை ஏன் சாத்துறீங்க?”

“போன மாசம் ஒண்ணாங்கிளாஸ் பையனா நான் அழுதேன். அதைப் பெத்தவங்க பாத்தா என்னை மதிப்பாங்களா?” என்றார் தலைமையாசிரியை. “அதோட, பிள்ளைங்க காதுல விழுந்தா மனசு கஷ்டப்படும். இங்க ஒரு சட்டம் உண்டு சார். பிள்ளையா உக்காந்தவங்கள பாத்துச் சிரிக்கக் கூடாது. டீச்சரா நிக்கிறவங்கள பாத்து எவ்வளவு வேணும்னாலும் சிரிக்கலாம்.”

“இடது கை?” என்று மனைவியைப் பார்த்தார்.

“என் வகுப்புல ஒருத்தி இடது கைக்காரி. கழித்தல்ல இலக்கமெல்லாம் சரிஞ்சு போகுது. ஏன்னு புரியல. நானே எழுதிப் பாத்தேன். எழுதுனதை அவ கையே மறைச்சிடுது.”

ஊசி வாத்தியார் நம்பவில்லை. நாடகத்தை நன்றாகத்தான் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தார். நம்பாதது தலைமையாசிரியைக்கும் தெரிந்தது.

“நீங்களும் உக்காருங்களேன். உங்க வகுப்புல கணக்கு வராத ஒரு பிள்ளையா.”

இது என்ன பிரமாதம் என்று அவர் பென்சிலை எடுத்தார். ரெட்டைச் சடையாக இருக்கிறேன் என்றார். தலைமையாசிரியை கரும்பலகையில் 402, கீழே 178 என்று எழுதினார்.

“போடுங்க. அவ எப்படிப் போடுவாளோ அப்படி.”

“தப்பாப் போடுவா.”

“என்ன தப்பு?”

“தப்புன்னா தப்புதான். சிவப்புல சுழிச்சிடுவேன்.”

“சரி. என்ன எழுதியிருந்ததைச் சுழிச்சீங்க?”

ஊசி வாத்தியார் பென்சிலைக் காகிதத்தில் வைத்தார். ரெட்டைச் சடையின் ரிப்பன் நிறம் தெரியும். எந்த ஜன்னலோரம் உட்காருவாள், எப்போது தண்ணீர் குடிக்கக் கேட்பாள் என்றும் தெரியும். இரண்டையும் எட்டையும் பார்த்ததும் அவள் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஒரு நாளும் கேட்டதில்லை. வகுப்பில் ஊசி விழும் அமைதி. யார் சொல்ல முடியும்?

பென்சில் நகரவில்லை. அறையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பிள்ளையாக உட்கார்ந்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதே. சிரித்திருந்தால் தேவலை.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். “என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே,” என்றாள் அவள்.

“நீ வேலையை இழந்துடக் கூடாதேன்னுதான் முதல்ல கண்ணால பாக்க வந்தேன்.”

“வாளி மேல ஏறியா?”

“பத்திரமா இருக்கும்னு நினைச்சேன்.”

அவள் சிரித்துவிட்டாள். அவர் முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள். “வீட்டுல மருந்து இருக்கு,” என்றாள்.

மறுநாள் அவர் ரெட்டைச் சடையின் பக்கத்தில் போய், பெஞ்சு நுனியில் உட்கார்ந்தார். அவள் இன்னும் உள்ளே நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இத்தனை பக்கத்தில் சார் வந்தால் அடுத்தது என்ன என்று அவளுக்குச் சந்தேகம். அதே கணக்கைக் கொடுத்தார். பயந்துகொண்டே போட்டாள். 376.

தேயிலைச் சக்கையோடு குப்பைக் கூடையில் கிடந்த அதே விடை.

“எப்படிப் போட்டேன்னு எனக்குச் சொல்லிக்குடு.”

அவள் வாசலைப் பார்த்தாள். ஓட வழியில்லை. “ரெண்டுல எட்டு போகாது,” என்றாள்.

“சரி.”

“நீங்கதான் சொன்னீங்க.”

“ஆமா, நான்தான் சொன்னேன்.”

“போகாதுன்னா திருப்பிப் போட்டா போகும். எட்டுல ரெண்டு போகும். ஆறு.” பிறகு, தன் பேரில் தப்பில்லை என்பதை உறுதிசெய்வதற்காக, “சைபர்லயும் ஏழு போகாது சார்,” என்றாள்.

வருஷக்கணக்காகக் கரும்பலகையைத் தட்டித் தட்டி அவர் சொன்ன வாக்கியம். போகாது என்று சொன்னதும் திரும்பி நின்று பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்குவார். பிள்ளை முதல் பாதியை நம்பி, மீதிக்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். நல்ல வழி. தப்பான வழி என்பது ஒன்றுதான் குறை.

“இப்படித் திருப்பிப் போடுறவங்க வேற யாரு?” என்று வகுப்பைக் கேட்டார். முதலில் ஒரு கை. அடி விழவில்லை என்று தெரிந்ததும் பாதி வகுப்பு கை தூக்கியது. அன்று அந்த வகுப்பில் உலக்கை விழுந்திருந்தாலும் கேட்டிருக்காது.

பெரிய சார் விஷயத்தை முழுசாகக் கேட்டார். “உங்க வீட்டம்மா உங்களை விலைக்கு வாங்கிட்டாங்க,” என்றார்.

“இருக்கட்டும் சார். கடுதாசிக்குப் பதிலா ஒரு செவ்வாய்க்கிழமை குடுங்க. நீங்க போர்டுல நில்லுங்க. நான் ரெட்டைச் சடை.”

பெரிய சார் ஒப்புக்கொண்டது நம்பிக்கையால் அல்ல, வேறு வழியில்லாததால். ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டார். முதல் நாள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. “போகாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க,” என்று ஊசி வாத்தியார் விடாமல் மல்லுக்கட்ட, மூன்றாம் வகுப்பு டீச்சர் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து நழுவினார். இரண்டாவது வாரம் பெரிய சார் அந்த வாக்கியத்தைத் தொடவே இல்லை. பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளைக் கொண்டுவந்து, ஒரு கட்டைப் பிரித்துக் கடன் வாங்குவதைக் காட்டினார்.

ஆண்டுத் தேர்வு முடிந்தது. முதலிடமெல்லாம் வரவில்லை. ஆனால் கீழேயிருந்து தேடுகிறவர்கள் இப்போது கொஞ்ச நேரம் தேட வேண்டியிருந்தது. பள்ளியை மூடும் உத்தரவை அலுவலகம் நிறுத்திவைத்தது. கூடவே, இந்தப் பள்ளிக்கு இவ்வளவு மதிப்பெண் எப்படி வந்தது என்று சந்தேகப்பட்டு, ரகசிய விசாரணைக்கு ஆள் அனுப்புவதாகவும் காற்றுவாக்கில் சேதி வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஜன்னல்கள் சாத்தியிருந்த அறைக்குள் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, வெளியே சுவரோரம் ஏதோ உரசியது. பெரிய சார் சாக்பீஸோடு அப்படியே நின்றார்.

“சார், யாரோ எட்டிப் பாக்குறாங்க.”

குட்டைப் பெஞ்சில் ரெட்டைச் சடையாக உட்கார்ந்திருந்த ஊசி வாத்தியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீங்க பாடத்தைக் கவனிங்க சார். விழமாட்டாரு. எங்க வீட்டுல சொன்னாங்கன்னு, ஜன்னலுக்கு அடியில நல்ல ஸ்டூலாப் பாத்துப் போட்டு வச்சிருக்கேன்.”