பதினோராவது குழியில் புல்லின் உயரம்

…இரண்டு அங்குலம்தான், அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை, அடிக்கோலைப் பிடுங்கி நாலடி தள்ளி ஊன்றிப் பார்த்தாலும் அதே இரண்டு, அப்படியென்றால் பத்து வருஷத்துக்கு முன்னால் இதே பதினோராவது குழிக்குப் பக்கத்தில், இதே கையால், நான்கு என்று எழுதினாளே, அந்தப் புல் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. அன்றைக்கு இருந்தது, அதுவும் நிஜம்தான், மழை விட்டு ஒரு வாரம், கிளப்பின் புல்வெட்டும் வண்டி பழுதாகி ஷெட்டில் நின்றது, விழுந்த பந்தைக் காலால் துழாவித்தான் எடுக்க வேண்டும் என்கிற அளவுக்குப் புல் மண்டிக் கிடந்தது, பார்த்ததைத்தானே எழுதினாள்… பார்த்ததை எழுதுவதா விதி? வழக்கமாக எப்படி இருக்குமோ அதை எழுதுவதுதான் விதி, வண்டி எப்போது ஓடும், ஓடினால் எவ்வளவு வெட்டுவீர்கள் என்று ஷெட்டில் போய் விசாரித்துவிட்டு எழுதுவது விதி. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், அரை மார்க்குக்காக இவளிடம் அழுத பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் இந்த கோல்ஃப் மைதானத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வரும், அவளுக்கு அன்றைக்கு ஷெட்டு வரைக்கும் நடக்கக் கால் வரவில்லை. “ரெண்டா மேடம்?” என்று கேட்டார் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளிகளின் வாயை விட்டுவிட்டு இவளோடு மைதானம் அளக்க வருகிறவர், படிவத்தின் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். “இருங்க, இன்னொரு தடவை பாத்துடறேன்” என்றாள்.

எத்தனை தடவை பார்த்தாலும் புல் வளர்ந்துவிடப் போவதில்லை. குனிந்தபடியே இருந்தாள், குனிந்திருக்கிறவரை யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்… இந்த வேலையே ஒரு வேடிக்கையான வேலை, இல்லாத இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மைதானம் முழுக்க நடப்பது. ஒருவன் எங்கே கொண்டுபோய் விட்டாலும் தப்பாமல் ஆடுகிற கெட்டிக்காரன், இன்னொருவன் தட்டுத் தடுமாறி ஒப்பேற்றுகிற சுமார் ஆள், இந்த மரம் கெட்டிக்காரனை எவ்வளவு படுத்தும், சுமார் ஆளை எவ்வளவு படுத்தும், இந்த மணற்குழி, இந்தக் குட்டை, இந்தப் புல்… கடைசியில் இரண்டு பேருடைய பாடும் இரண்டு எண்ணாக வரும், இடைவெளி பெருகப் பெருக மைதானம் கஷ்டம் என்று பெயர். அந்தக் கஷ்டத்தை வைத்துத்தான் ஒவ்வோர் ஆட்டக்காரனுடைய ஹேண்டிகேப்பும். கஷ்டமான மைதானத்தை எண்பது அடியில் முடித்தவன், சுலபமான மைதானத்தை எண்பது அடியில் முடித்தவனைவிடப் பெரிய ஆள், அவனுக்குச் சலுகையாகக் கொடுக்கும் அடிகள், அதுதான் ஹேண்டிகேப், குறையும், ஹேண்டிகேப் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு மீசையை முறுக்கலாம். பதினெட்டுக் குழியிலும் இவள் புல்லை இரட்டிப்பாக எழுதியதில் கெட்டிக்காரனுக்கு ஒன்றும் பெரிதாக ஆகவில்லை, சுமார் ஆளுக்குத்தான் மைதானம் மலையாகிவிட்டது. காகிதத்தில். அந்தக் காகிதத்தின் புண்ணியத்தில் பத்து வருஷமாக இந்த கிளப்பில் எல்லாரும் புலி. வெளியூருக்குப் போனால் மண்ணைக் கவ்விவிட்டு வந்து தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, படுக்கை சரியில்லை என்பார்கள், இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள், ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை, யோசிக்கவில்லையா, யோசிக்க விடவில்லையா…

தம்பி மட்டும் சிரிக்க முடியாத இடத்தில் போய் மாட்டிக்கொண்டான். ஹேண்டிகேப் ஐந்துக்கு மேல் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுகிற பந்தயம், இவனுக்குச் சரியாக ஐந்து, போன மாதம் புதுத் தொப்பி வாங்கிக்கொண்டு போனான், முதல் நாள் ஆட்டத்தை முடிக்கத் தொண்ணூற்று மூன்று அடி, இரண்டாம் நாள் தொண்ணூற்று ஐந்து. ஐந்து உள்ளவன் அப்படி ஆட மாட்டான், எவ்வளவு கைநடுக்கம் இருந்தாலும் மாட்டான். அங்கிருந்து கடிதம் வந்துவிட்டது, உங்கள் உறுப்பினர் ஆட்ட அட்டைகளைத் திருத்தி ஹேண்டிகேப்பைக் குறைத்திருக்கிறார் என்று சந்தேகப்படுகிறோம், விசாரியுங்கள். வெள்ளிக்கிழமை கமிட்டி இவனைக் கூப்பிட்டு விசாரித்தது, வீட்டுக்கு வந்து “கேட்டாங்க” என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான், நாளைக்குத் தீர்ப்பு, கிளப்பைவிட்டு நீக்குவார்கள் என்றுதான் பேச்சு. திருடன். அவனா? அடிப்பதற்கு முன்னால் மட்டை பட்டுப் பந்து அரை அங்குலம் நகர்ந்தால் யாரும் பார்க்காவிட்டாலும் தன் கணக்கில் ஓர் அடி கூட்டி எழுதுகிறவன், கூட ஆடுகிறவர்கள் இதற்காகவே அவனைக் கேலி செய்வார்கள், அவன் அட்டையில் பொய் கிடையாது. பொய் எங்கே இருக்கிறது என்று இவளுக்குத் தெரியும், கால் அதன் மேல்தான் நிற்கிறது.

அப்படியானால் நிமிர்ந்து ரெண்டு என்று சொல்லிவிட வேண்டியதுதானே, என்ன தடுக்கிறது? சொன்னால் அவன் திருடனில்லை என்று ஆகிவிடும், கூடவே அவன் ஐந்தும் இல்லை என்று ஆகிவிடும், சரியான கணக்கில் எட்டு, நாலு பேரில் ஒருவன். எட்டு ஒன்றும் கேவலமில்லை, ஆனால் அவன் அந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டல்லவா எழுந்து உட்கார்ந்தான்… மனைவி விட்டுவிட்டுப் போய், வேலையும் போய், இவள் வீட்டுப் பின்னறையில் ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், கெஞ்சி, அதட்டி, சண்டை போட்டு, முன்பு ஆடிக்கொண்டிருந்த இந்த மைதானத்துக்கு மறுபடி இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த வருஷம்தான் இவள் அளந்தாள். புது எண் பலகையில் ஏறிய சில மாதத்தில் அவனுக்கு ஒன்பது ஏழாக இறங்கியது, சாப்பாட்டு மேஜையில் “ஏழுக்கா” என்று சொல்லி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான், ஒரு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டான், இவள் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து போட்டாள். வீட்டில் என்றைக்கும் இவள்தான் கெட்டிக்காரி, நீ சமாளிச்சுப்பே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள், எதிலும் தட்டுத் தடுமாறினது அவன்தான். அந்த அளவெடுத்த காலையில் அவன் நினைவு ஒரு நொடியாவது வந்ததா? வந்தது என்றால் இவள் திருடி, வரவில்லை என்றால் வெறும் கவனக்குறைவு… எப்படித் தோண்டினாலும் அந்தக் காலை நினைவில் ஈரமான புல்லும் ஷெட்டின் தகரக் கதவும்தான் இருக்கின்றன, மனசு இல்லை.

“அக்கா.” திடுக்கிட்டு நிமிர்ந்தாள். தம்பிதான், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்துப் பாதையிலிருந்து குறுக்காக வந்திருந்தான், தனியாக ஆடுகிறான், இப்போதெல்லாம் யாரும் அவனோடு சேர்வதில்லை. புல்லில் நட்டிருந்த அடிக்கோலைப் பார்த்தான். பல் டாக்டர் பெரிய மனுஷர், மரத்தடிக்குப் போய் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

“எவ்வளவு வருது?”

“ரெண்டு.”

“ரெண்டுதான் இருக்கும்” என்றான், இன்று என்ன கிழமை என்று சொல்வதுபோல.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“வெளிய நாலு இடத்துல ஆடினா தெரியாதாக்கா? மூணு வருஷமா தெரியும்.”

“அப்ப வெள்ளிக்கிழமை சொல்றதுக்கு என்ன? ஊமையா உக்காந்துட்டு வந்தியா?”

“என்னன்னு சொல்ல? எங்கக்கா தப்பா அளந்துட்டான்னா?” பையின் வாரைச் சரிசெய்துகொண்டான். “போகட்டும் விடு. நாலுன்னே எழுது. நான் பாத்துக்கறேன்.” அவ்வளவுதான், நடந்துவிட்டான், சரிவில் இறங்கும்போது முதுகு கொஞ்சம் கூனியிருந்தது, ஐம்பதை நெருங்குகிறான், இவள் கவனிக்கவே இல்லை.

“ரெண்டு, டாக்டர், எழுதிக்குங்க. எல்லாக் குழியிலும் மறுபடி அளக்கணும், பழைய படிவம் என் தப்பு, கமிட்டிக்கு நானே எழுதித் தந்துடறேன்” என்றாள். குரல் வகுப்பில் பேசுகிற குரலாகவே வந்தது, நல்லவேளை. பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. அடிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்தாள், கால் நடந்தது, மனசு சரிவிலேயே நின்றது… தெரிந்துகொண்டேதான் அந்தப் பந்தயத்துக்குப் போனானா, எட்டு என்று தெரிந்தே ஐந்து என்று பெயர் கொடுத்தானா, கமிட்டி முன்னால் வாயை மூடிக்கொண்டது அக்காவுக்காகவா, அந்த ஐந்துக்காகவா? கூப்பிட்டுக் கேட்டுவிடலாம், இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறான். கேட்டால் அவனும் கேட்பான், அன்றைக்கு நீ நான்கு என்று எழுதினாயே, அது புல்லுக்காகவா, எனக்காகவா என்று. இவள் கூப்பிடவில்லை.